நாடகத்தில் இல்லாத சுற்றுலா

ஆமாம், இன்னமும் பார்க்கிறேன்தான். விட்டுவிட்டேன் என்று உன்னிடம் சொல்ல ஆசை. ஆனால் விடவில்லை.

நேற்று தேனியிலிருந்து ஊருக்கு வரும் பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஒரு பெண். கல்லூரிப் பையை மடியில் வைத்து அதன்மேல் கைபேசியைச் சாய்த்திருந்தாள். காதில் எதுவும் மாட்டவில்லை. வீரபாண்டியில் வண்டி நின்றபோது இன்ஜின் சத்தம் அடங்கியது. அந்த இசை கேட்டது. பள்ளிக்கூட மணி மூன்று முறை. பிறகு பிள்ளைகள் வரிசையாக ஓடிவரும் காலடிச் சத்தம். நம் நாடகம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் தினமும் ஆறு மணிக்குப் போட்ட பள்ளிக்கூட நாடகம்.

எட்டிப் பார்த்தேன். அவள் கைபேசியை என் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தாள்.

"பாத்துருக்கீகளாக்கா?"

"சின்ன வயசுல."

"சூப்பரா இருக்குல்ல? ஒவ்வொரு வாரமும் ஒரு பிரச்சினையத் தீக்கிறாக."

கழிப்பறை இல்லாத வாரம் அது. மூக்குத்தி டீச்சர் மனு எழுதச் சொல்லித் தருகிறார். சோடாபுட்டி பிழை பிழையாக எழுதிக் கலெக்டருக்கே அனுப்பிவிடுகிறான். எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் சிரித்தேன். அடுத்தது என்ன என்று கழுத்தை நீட்டினேன். சின்னமனூர் வரை அப்படித்தான். மார்க்கையன்கோட்டைக்குப் பிரியும் சாலை ஜன்னலில் வந்து போனபோதுதான் நீ வந்தாய்.

அதுவரை நீ இல்லை. நீ வாழ்க்கைப்பட்டுப் போன ஊரின் சாலை, போன ஆடியில் உன்னைப் பார்க்க நான் மாலையோடு போன சாலை, அது கண்ணில் படும்வரை நான் அந்த நாடகத்தை வெறுமனே ரசித்துக்கொண்டிருந்தேன். உன்னோடு சம்பந்தமே இல்லாத ஒன்றைப் போல.

அதனால்தான் எழுதுகிறேன்.

*

உன் அம்மாவின் கை ஒடிந்தது ஆவணியில். ஏலத்தோட்டத்துச் சரிவில் வழுக்கி, வலது மணிக்கட்டு. நாம் பத்தாம் வகுப்பில் இரண்டு மாதம் படித்திருந்தோம்.

அப்பாவின் ஜீப்பில் இடம் என்பது என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். காலை ஐந்தரைக்குக் கோம்பையிலிருந்து மலைக்குக் கிளம்பும் வண்டி. கேரளத்தில் ஏலக்காய் எடுக்கும் பெண்கள். அப்பா வண்டி ஓட்டுவதில்லை. தெருத்தெருவாகப் போய் ஆள் சேர்ப்பது அவருடைய வேலை. ஒரு வீட்டுக்கு ஒரு இடம் என்றால், ஆள் படுத்தாலும் அந்த வீட்டிலிருந்து யாராவது வந்து உட்கார வேண்டும். நாலு நாள் காலியாக இருந்தால் இடம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். பிறகு அந்தப் பருவம் முழுக்கக் கிடைக்காது. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. எல்லோருக்கும் தெரியும்.

உன் அம்மாவின் இடத்தில் நீ உட்கார்ந்தாய். இடம் பிடித்து வைக்க. கை கூடும்வரை.

"மூணு மாசந்தேன் புள்ள. நோட்ட எல்லாம் எழுதி வையி. வந்து பாத்து எழுதிக்கிறேன்" என்றாய்.

எழுதி வைத்தேன். முதல் மாதம் உனக்கும் சேர்த்து இரண்டு நோட்டில். அடுத்த மாதம் ஒரு நோட்டில்.

உன்னை அனுப்பியது என் அப்பா இல்லை. ஆனால் விடியற்காலையில் உன் வீட்டு வாசலில் ஜீப்பின் தகரத்தைத் தட்டியது அப்பாவின் கைதான். நான் போர்வைக்குள் இருப்பேன். ஊர் முழுக்கக் கேட்கும் அது. இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. பிறகு அப்பாவின் குரல். "ஆத்தா, கெளம்பிட்டீகளா?"

*

நீ மலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் நாடகமும் தொடங்கியது, ஆறு மணிக்கு. ஜீப் திரும்புவது ஆறரைக்கு, ஆறே முக்காலுக்கு. நீ ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. அதுதான் நமக்கு வாய்த்தது.

எங்கள் வீட்டு வாசலில் பெண்கள் இறங்குவார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தூக்குச்சட்டி இடிக்க, வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பேசிக்கொண்டே போவார்கள். நீ மட்டும் நிற்பாய். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்காருவோம். உன் நகக்கண் எல்லாம் கறுத்திருக்கும், காய் உரித்த கறை. தூக்குச்சட்டியைத் திறந்து எனக்கு ஒன்று தருவாய். பேஷன் பழம், மலைக்கொய்யா, ஒரு தடவை தாளில் மடித்த இரண்டு பச்சை மிளகுக் கொத்து.

"ம், சொல்லு. நேத்து எங்க விட்ட?"

நான் சொல்வேன்.

நாடகத்தில் இருந்த பெயர்களை நீ வைத்துக்கொள்ளவில்லை. நானே கூட மறந்துவிட்டேன். மூக்குத்தி டீச்சர், சோடாபுட்டி, நெட்டைப் பியூன், 'அழுகுணி' ஹெச்செம். எல்லாம் நீ வைத்தது. பார்க்காமலேயே வைத்தது. நான் ஒரு காட்சியைச் சொன்னால் நீ இரண்டு கேள்வி கேட்பாய். அந்தக் கேள்விக்குப் பதில் நாடகத்தில் இருக்காது. நான் இட்டுக்கட்டுவேன்.

"டீச்சர் அப்ப என்ன சேல கட்டியிருந்தாக?"

"பச்சை. மாம்பழக் கலர் பார்டர்."

"மூஞ்சி எப்படி வச்சுருந்தாக?"

"கோவமா. ஆனா கோவம் இல்லாத மாதிரி."

"நம்ம கணக்கு டீச்சர் மாதிரியா?"

"அதே மாதிரி."

நீ கண்ணை மூடிக்கொள்வாய். பார்த்துக்கொண்டிருப்பாய் என்று இப்போது நினைக்கிறேன்.

உன் அம்மா தெருமுனையிலிருந்து கூப்பிடுவார். கட்டுப்போட்ட கையோடு. நீ எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு, மலையில் பிடித்துவந்த மலையாளத்தில் என்னைக் கேலி செய்வாய். "மதி மதி. மிச்சம் நாளைக்கு." போதும் என்பதற்கு மதி. தோட்டத்து மேற்பார்வையாளர் அப்படித்தான் சொல்வாராம், சாக்கு நிறைந்ததும்.

மறுநாள் ஜீப்பில் அந்தக் கதையை நீ பெண்களுக்குச் சொல்வாய். மலைமெட்டு ஏறும் வரைக்கும் ஒரு பகுதி, இறங்கும்போது மீதி. பின்னால் டிரைவர் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "ஒன் கதையக் கேக்கத்தேன் பாப்பா அதுக சண்டை போடாம வருதுக." ஒன் கதை என்றார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

*

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை. நாடகத்தில் புதுக்கதை தொடங்கியது.

ஒரு பெண் வகுப்புக்கு வருவதில்லை. முன்பெஞ்சில் அவள் இடம் காலி. செங்கல்சூளைக்குப் போகிறாள். சூளைக்கு ஆள் கூட்டிப்போகிற மனிதர், அதே வகுப்பில் படிக்கும் இன்னொரு பெண்ணின் அப்பா.

நான் நடுவீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்தில் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் அப்பா. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அல்லது நான் மட்டும் பார்க்கவில்லை.

அன்று ஜீப் வந்தது. நீ தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாய். "ம், சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். "புதுக்கதை. எல்லாரும் சுற்றுலா போறாக" என்றேன்.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது.

"எங்க?"

"ராமேஸ்வரம்."

"கடலா!" என்றாய்.

மறுநாள் செவ்வாய். காலையில் கணக்கு டீச்சர் வகுப்புக்குள் வந்ததும் கரும்பலகைப் பக்கம் போகவில்லை. மேசை மேல் கையை ஊன்றி நின்றார். "நேத்து நாடகம் பாத்தீங்களா?" என்றார். வகுப்பு முழுக்கக் கத்தியது. டீச்சர் காலியாக இருந்த உன் இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

மணி அடித்ததும் வராந்தாவில் கூப்பிட்டார். டீச்சர் சொன்னதை நான் ஒரு எழுத்து விடாமல் வைத்திருக்கிறேன்.

"வெள்ளிக்கிழமை பப்ளிக் எக்ஸாமுக்கு பேர் லிஸ்ட் அனுப்பணும். அவ வந்து ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். வருகை நாள் கொறைச்சல நான் ஹெச்செம்கிட்ட பேசிக்கிறேன். பேரை இன்னும் அடிக்கலைன்னு சொல்லு. நான் சொன்னேன்னு அவங்க அம்மாகிட்டயும் சொல்லு. மறந்துராதம்மா."

"சரி டீச்சர்."

டீச்சர் தேனியிலிருந்து வந்து போகிறவர். நாலரை பஸ்ஸை விட்டால் கைக்குழந்தை பக்கத்து வீட்டில் அழும். நாடகத்தில் மூக்குத்தி டீச்சருக்கு வீடே கிடையாது. எப்போதும் பள்ளிக்கூடத்தில்தான் இருப்பார். நம் டீச்சருக்குச் செய்தி கொண்டுபோக நான் இருந்தேன்.

*

அப்பாவுக்காகச் சொல்லாமல் விட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் உண்மை உண்டு. உன் அம்மாவின் கைக்கட்டை அந்த வாரம்தான் அவிழ்த்தார்கள். காய் மும்முரமாக எடுக்கிற நேரம். சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் சொன்னார். "ஆத்தாளும் மகளும் ரெண்டு பேருமே வரட்டும். எடம் இருக்கு. ஆளு கொறைஞ்சா தோட்டக்காரன் வேற வண்டியக் கூப்டுருவான்." நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். நீ பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினால் அப்பா என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். யார் போய்ச் சொன்னது என்று கேட்பார். நாடகத்தில் அந்தப் பெண், ஆள் கூட்டிப்போகிறவரின் மகள், தன் அப்பாவை எதிர்த்துப் பேசினாள். வசனம் நன்றாக இருந்தது. எனக்கு வசனம் வரவில்லை.

ஆனால் அது பாதிதான்.

மீதியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீ திரும்பிவந்தால் நீயே ஆறு மணிக்கு நாடகம் பார்ப்பாய். தொட்டி விளிம்பில் எனக்காக யாரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார மாட்டார்கள். வகுப்பில் நீ முதல், நான் எங்கோ நடுவில். டீச்சர்கள் என் பெயரையே அடிக்கடி மறந்துபோவார்கள். அந்த முக்கால் மணி நேரம் மட்டும்தான் ஒருவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை விட எனக்கு மனம் வரவில்லை.

பதினைந்து வயது என்று நீ சொல்லலாம். சொல்லாதே.

*

செவ்வாய், சுற்றுலாவுக்கு சோடாபுட்டியின் அம்மா அனுப்ப மறுக்கிறாள். மூக்குத்தி டீச்சர் வீட்டுக்கே போய் அவளையும் சேர்த்துக் கூட்டி வருகிறார். "நல்ல ஆளு!" என்று தொடையைத் தட்டினாய்.

புதன், பேருந்து. ஆண்டிபட்டிக் கணவாயில் அழுகுணி ஹெச்செம் வாந்தி எடுக்கிறார். நீ சிரித்துச் சிரித்துத் தொட்டிக்குள் விழப் பார்த்தாய். உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சட்டையில் மலைப்பனியின் ஈரம் இருந்தது.

வியாழன், கடல்.

நானும் கடலைப் பார்த்ததில்லை. வைகை அணை மாதிரி, ஆனால் எந்தப் பக்கமும் சுவர் இல்லாமல், என்று சொன்னேன்.

"அப்ப தண்ணி எதுல நிக்கிது?"

"சும்மாவே நிக்கிது."

"உப்புன்னு யாரு குடிச்சுப் பாத்தா?"

"சோடாபுட்டி."

"அவந்தேன் குடிப்பான்." முழங்காலைக் கட்டிக்கொண்டாய். "டீச்சர் எறங்குனாகளா?"

"சேலையத் தூக்கிச் சொருகிட்டு மொதல்ல எறங்குனதே அவுகதேன்."

கண்ணை மூடிக்கொண்டாய். அப்படியே கேட்டாய்.

"பள்ளிக்கூடத்துல எதும் விசேசம் உண்டா புள்ள? கணக்கு டீச்சர் என்னயக் கேட்டாகளா?"

அந்தக் கேள்வி உன்னிடமிருந்து வந்தது. நானாகச் சொல்லவில்லை என்பது ஒன்று. நீ கேட்டும் சொல்லவில்லை என்பது வேறு.

"ஒண்ணும் கேக்கல" என்றேன்.

"மறந்துட்டாக போல." நீ எழுந்தாய். பாவாடையைத் தட்டினாய். அன்று மதி மதி என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டீச்சர் வராந்தாவில் நின்றார். கையில் அந்தப் பட்டியல்.

"சொன்னியாம்மா?"

"சொன்னேன் டீச்சர். வரலைன்னுட்டா."

"அவளா சொன்னா?"

"ஆமா டீச்சர்."

அவர் என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு "சரி, போ" என்றார். சிவப்புப் பேனாவால் கோடு போடும் சத்தம் கேட்டதாக எனக்கு ஒரு ஞாபகம். கேட்டிருக்க முடியாது. நான் அதற்குள் வகுப்புக்குள் போயிருந்தேன்.

அன்று ஆறு மணிக்கு நாடகத்தில் அந்த வாரத்தின் கடைசிப் பகுதி. வெள்ளிக்கிழமைக்குள் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடும், உனக்குத் தெரியுமே. வகுப்பு முழுக்கச் சூளைக்குப் போகிறது. மூக்குத்தி டீச்சர் அங்கேயே, செங்கல் அடுக்குக்கு நடுவில் நின்று, வருகைப்பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுகிறார். ஒவ்வொருவராக "உள்ளேன் டீச்சர்" என்கிறார்கள். அந்தப் பெண்ணின் பெயர் வருகிறது. அவள் தலைச்சுமையை இறக்குகிறாள். நேரம் எடுத்துக்கொள்கிறாள். பிறகு சொல்கிறாள்.

நான் அழுதேன். அது நடிப்பில்லை. நெஞ்சு விம்ம அழுதேன், நன்றாக இருந்தது அழுவதற்கு. திரும்பிப் பார்த்தால் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாவம்யா அந்தப் புள்ள. படிக்கிற வயசு" என்றார்.

"நல்லவேளை கூட்டியாந்துட்டாக" என்றார் அம்மா.

அப்பா மூக்கைச் சிந்திவிட்டு வந்து டிரைவருக்குப் போன் போட்டார். நாளைக்குப் பதினாலு பேர், ஒன்று குறையக் கூடாது என்றார். அப்பா பொய்யாக அழவில்லை. அதைத்தான் இத்தனை வருடமாகப் புரிந்துகொள்ள முயல்கிறேன். அவர் அந்தச் சூளைக்காரரைத் திட்டினார், மனதார. கோம்பை நாய் மாதிரி விடாமல் பிடித்த மூக்குத்தி டீச்சரைப் பாராட்டினார். மறுநாள் விடியற்காலையில் உன் வாசலில் இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு ஒரு தட்டு.

ஜீப் வந்ததும் உனக்குச் சுற்றுலாவின் கடைசிப் பகுதியைச் சொன்னேன். எல்லோரும் பத்திரமாக ஊர் திரும்பினார்கள்.

*

நான் பத்தாவது எழுதினேன். பிறகு உத்தமபாளையம், பிறகு மதுரை. உனக்கு இருபதில் கல்யாணம். கல்யாண வீட்டில் என் கையைப் பிடித்து உன் மாப்பிள்ளையிடம் சொன்னாய். "இவதேன். கதை சொல்லுவான்னு சொன்னேன்ல, இவதேன்." அவர் கும்பிட்டார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பந்தலைப் பார்த்தேன்.

போன சித்திரை. வீரபாண்டித் திருவிழாவுக்கு வருகிறேனா என்று கேட்கப் போன் செய்தாய். வர முடியாது, ஆய்வேடு முடிக்க வேண்டும் என்றேன். அது உண்மை. பேச்சு வேறெங்கோ போய்த் திரும்பியது.

"நாடகத்த யூடியூப்புல ஏத்தியிருக்காக புள்ள. மத்தியானம் மத்தியானம் உக்காந்து பூராத்தையும் பாத்துட்டேன்."

"அப்படியா?"

"மூக்குத்தி டீச்சர் இம்புட்டுக் குட்டையா? நீ சொன்னதுல நல்லா உசரமா இருந்தாக. பச்சச் சேலையே கட்டல ஒரு நாளும்."

நான் சிரித்தேன். நீயும்.

"எல்லா வாரமும் இருக்கு. அந்தச் சுற்றுலா வாரம் மட்டும் காணோம்."

மதுரை விடுதியில் என் அறைக்கு வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"ஏத்தாம விட்டுட்டாக போல" என்றேன்.

"இருக்கும்." நீ அவசரப்படவில்லை. "அந்த எடத்துல செங்கச்சூளை வாரம் இருக்கு."

"ம்."

"ஆனா எனக்கு டூர் வாரந்தேன் புள்ள நாடகம். சோடாபுட்டி தண்ணியக் குடிச்சுட்டு ஒரு மூஞ்சி வச்சான் பாரு." பிறகு, "அடுப்புல பால் இருக்கு. மதி, வைக்கிறேன்" என்றாய்.

நீ தெரிந்துகொண்டுதான் கேட்டாய். எனக்குச் சொல்ல ஒரு இடம் விட்டாய். நான் அந்த இடத்திலும் ஒரு பொய்யைக் கொண்டுபோய் வைத்தேன். அப்போதும் உனக்குப் பாதிதான் தெரியும். நாடகத்தை மாற்றிச் சொன்னது தெரியும். டீச்சர் சொல்லியனுப்பியது தெரியாது. நேரில் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஆனியில் போகலாம் என்று இருந்தேன். ஆடியில் உனக்குக் காய்ச்சல். பதினோரு நாள்.

*

உன் வீட்டுக் கூடத்தில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா அழுது முடித்திருந்தார். முடித்தபின் வருகிற அந்தத் தெளிவான குரலில் யாரிடமும் இல்லாமல் சொன்னார்.

"படிப்புல என்னா சூட்டிகை. கை கூடுன ஒடனே அனுப்பத்தேன் இருந்தேன். பேர அடிச்சிருப்பாக, இனி யாரு சேப்பான்னு இவளே சொல்லிட்டா. பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு வார்த்தை சொல்லி விட்டிருந்தா அனுப்பியிருப்பேன். ஒரு வார்த்தை யாரும் சொல்லல."

பக்கத்திலிருந்தவர் "விதி ஆத்தா" என்றார். உன் அம்மா என் முழங்காலில் கை வைத்தார். அந்த வலது கை. மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகத்தான் கூடியிருக்கிறது. "பாப்பா மட்டுந்தேன் அவளத் தேடி வந்து பேசிக்கிட்டு இருக்கும்" என்றார் எல்லோரிடமும்.

நான் அந்தக் கையை எடுத்துவிடவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

*

ஒரு சிறுகதை எழுதியிருந்தேன், போன வருடக் கடைசியில். பத்திரிகையில் வந்தது. பேராசிரியர் ஒருவர் கூட்டத்தில் பேசினார். சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டதுதான் இந்தக் கதையின் பலம், இந்த வயதில் இதை எங்கே கற்றார் என்றார். கைதட்டினார்கள். எழுந்து நின்று கும்பிட்டேன்.

தண்ணீர்த் தொட்டி விளிம்பில் கற்றேன். உன்னிடமிருந்து இரண்டு எடுத்துக்கொண்டேன். ஒன்று, யாரோ கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்கள் என்று நினைத்து எழுதுவது. எழுதும்போது இன்றும் அந்த யாரோ நீதான். என்ன சேலை, மூஞ்சி எப்படி வைத்திருந்தாள் என்று கேட்கிறாய், நான் தேடிப்போய் எழுதுகிறேன். மற்றது, விடுவது. எதை விட்டால் கேட்பவருக்குத் தெரியாது என்று அறிந்து விடுவது. அது கையோடு ஒட்டிவிட்டது. இந்த மடலிலும் ஒன்றை விடப் பார்த்தேன். உன் கேள்வியை. கணக்கு டீச்சர் என்னைக் கேட்டாகளா என்று நீ கேட்டதை. முதல் தடவை எழுதியபோது அது இல்லை. திரும்பப் போய்ச் சேர்த்தேன்.

இன்று காலை அப்பாவிடம் கேட்டேன், அந்த நாடகம் ஞாபகம் இருக்கிறதா என்று. இப்போது ஒரு ஜீப்தான் வைத்திருக்கிறார். முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எது, செங்கச்சூளைல நின்னு பேரு கூப்புடுவாகளே, அதா? நல்ல நாடகம். இப்பெல்லாம் அப்படி எங்க எடுக்குறான்?"

"அன்னைக்கு நீங்க அழுதீங்க."

"ஒனக்கு ஞாபகம் இருக்கா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அழுகாம என்ன? நம்ம என்ன கல்லா?"

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. அப்பாவிடம் கேட்க வேண்டியது வேறு. உன் அம்மாவிடம் சொல்ல வேண்டியது வேறு. முதலாவதற்கு இன்னும் எனக்கு வசனம் வரவில்லை. இரண்டாவதற்கு வசனம் தேவையில்லை. டீச்சர் சொன்னது அப்படியே இருக்கிறது. பேரை இன்னும் அடிக்கலைன்னு சொல்லு. நான் சொன்னேன்னு அவங்க அம்மாகிட்டயும் சொல்லு.

பன்னிரண்டு வருடம் பிந்திய செய்தி. அதனால் இனி யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை. ஆனால் உன் அம்மா, பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவரும் தன் மகளைத் தேடவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நீயும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனாய். தேடினார்கள். உன் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள்.

*

எழுதி முடித்தபோது ஆறேகால். தாளை மடித்து வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். ஜீப் வந்தது. உன் அம்மா கடைசியாக இறங்கினார், இடது கையால் கம்பியைப் பிடித்து. தொட்டி விளிம்பில் உட்காரச் சொன்னேன். டீச்சர் சொன்னதைச் சொன்னேன். நான் சொல்லாததைச் சொன்னேன். டீச்சரிடம் என்ன சொன்னேன் என்பதையும், உன்னிடம் நாடகத்தை மாற்றிச் சொன்னதையும் சொன்னேன். அப்பா உள்ளே விளக்கைப் போட்டார். அவருக்கும் கேட்டிருக்கும்.

உன் அம்மா வெகுநேரம் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அப்ப அவ வந்து சொல்லுவாளே, அந்தக் கடலுக்குப் போனதும் பொய்யா?"

"ஆமா அத்தை."

அவர் எழுந்தார். தூக்குச்சட்டியை நான் வாங்கிக்கொண்டேன். அவர் பிடியை விட்டார். தெருமுனை தாண்டி வீடு வரைக்கும் பின்னால் நடந்தேன். வாசலில் சட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பி வந்து, மடித்த தாளைப் பிரித்து இதையும் எழுதினேன்.